காலி இடத்தை அளந்தவர்கள்

பொது இடத்தில் சிற்பம் நிறுத்தும் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. இந்த வேலையில் யாரும் உங்களைப் பாராட்டப் போவதில்லை. ஆகையால் பாராட்டை எதிர்பார்த்து ஏமாறும் சிரமம் உங்களுக்கு மிச்சம். காட்சிக்கூடத்துக்கு வருகிறவன் பார்ப்பதற்கென்றே வருகிறான். புரியாவிட்டாலும் புரிந்த மாதிரி தலையை ஆட்டுவான். தெருமுனைக்கு வருகிறவன் பால் வாங்க வருகிறான், பஸ் பிடிக்க வருகிறான். அவன் நடக்கிற வழியில் நாலு டன் இரும்பைக் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். "இது என்ன?" என்று அவன் கேட்பான் என நினைத்துப் பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருப்பீர்கள். அவன் கேட்பதோ, "இதை எப்போ எடுப்பீங்க?" என்றுதான்.

நான் இந்தத் தொழிலுக்குப் படித்து வந்தவன் அல்ல. அப்பா புனே பக்கம், கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருந்தார். நான் பிம்ப்ரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பட்டறை போட்டுத் தொழிற்சாலைகளுக்குக் காற்றுக் குழாயும் தண்ணீர்த் தொட்டியும் செய்துகொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சிற்பி தகடு வளைக்க ஆள் தேடி வந்தார். வளைத்துக் கொடுத்தேன். அவர் இன்னொருவரிடம் சொல்ல, அவர் மற்றொருவரிடம் சொல்ல, கடைசியில் தொட்டி செய்யச் சொல்லி வருவதற்கு ஆளில்லாமல் போனது. தொட்டி ஒழுகினால் தப்பு என்று எவனுக்கும் தெரியும். சிற்பத்தில் எது ஒழுகல் என்று கண்டுபிடிக்க எனக்கு வெகுநாள் பிடித்தது.

பற்றவைப்பது எப்படி, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எந்தப் பக்கக் காற்றுக்குத் தகடு எவ்வளவு ஆடும் என்று உட்கார்ந்த இடத்திலேயே கணினியில் பார்த்துவிடுகிறீர்கள். அந்தக் கணினி காட்டாத சங்கதி ஒன்று உண்டு. அதைச் சொல்ல ஒரு சிற்பத்தின் முதல் வருஷக் கதை போதும்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். பிம்ப்ரிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று தன் விழாவை ஒட்டி ஊருக்கு ஒரு சிற்பம் கொடுப்பதாக முடிவு செய்தது. சிற்பி ஒரு பெண்மணி. மேடம் என்றுதான் நாங்கள் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆப்பிளும் மாம்பழமும் வரையச் சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டுப் பின்கட்டில் தனக்காகச் சிற்பம் செய்துகொண்டிருந்தவர். வானத்துக்குக் கீழே நிற்கப் போகிற அவருடைய முதல் சிற்பம் இது. வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இரண்டாவது ஒன்று வரும் என்கிற பிரமை அவருக்கு இல்லை.

சிற்பம் என்பது மூன்று இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம். மூன்றும் உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும், எதுவும் எதையும் தொடாது. வண்ணம் கிடையாது. தானாகத் துருப்பிடித்து அந்தத் துருவே மேலே கவசமாக நின்றுவிடுகிற தினுசு இரும்பு. என் பட்டறையில் என்னோடு கூட்டாளியாக இருந்த சேகர், அவனும் கட்கிப் பையன்தான், வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, இதுல மேல் பக்கம் எதுண்ணே?"

"எழுத்து நேரா இருக்குல்ல, அதான் மேல் பக்கம்."

"எழுத்து இல்லன்னா இன்னா பண்ணுவே?"

மேடத்திடம் அர்த்தம் கேட்டால் "நிக்கட்டும், பாக்கறவங்க பாத்துப்பாங்க" என்று முடித்துவிடுவார். தகடுகளுக்கு இடையிலான தூரத்தில் மட்டும் ஒரு நூல் அளவுகூட விட்டுக்கொடுக்கமாட்டார்.

அனுமதி கொடுத்த மாநகராட்சி அதிகாரி ஒரு நிபந்தனை போட்டார். ஒரு வருஷம் நிற்கட்டும்; அதற்குள் அது நிற்கிற பேட்டைக்காரர்கள் ஆட்சேபணை சொன்னால் எடுத்துவிட வேண்டும்; சொல்லாவிட்டால் நிரந்தரம். எடுத்தால் எங்கே வைப்பது என்று கேட்டேன். தொழிற்சாலைக்காரர் கையை விரித்தார். நாலு டன் துருப்பிடித்த இரும்பு எங்கே போகும்? பழைய இரும்புக் கடைக்குத்தான். வெளியே வரும்போது மேடம் மெதுவாகக் கேட்டார், "முருகேஷ், ஒரு வருஷம் இதைக் காப்பாத்திக் குடுப்பீங்களா?" நான் தலையாட்டிவிட்டேன்.

இப்போது நாங்கள் செய்த தப்புக்கு வருகிறேன். இடம் பார்க்கப் போனது ஒரு ஐப்பசி மாதம். மூன்று தெரு கூடுகிற இடத்தில் முக்கோணமாக ஒரு திடல். பக்கத்தில் ரிக்ஷா ஸ்டாண்ட், எதிரே டயர்க் கடை, பால் பூத். மேடம், தொழிற்சாலைக்காரர், அதிகாரி, நான், சேகர், ஐந்து பேரும் நாடாவைப் பிடித்துக் குறுக்கும் நெடுக்கும் அளந்தோம். எங்கும் மறைப்பில்லை. வெயில் நன்றாக விழுகிறது. இவ்வளவு பெரிய இடத்தை ஊரில் எவனும் ஆக்கிரமிக்காமல் விட்டுவைத்திருக்கிறானே என்று அதிகாரியே அதிசயப்பட்டார். தரையில் இரண்டு வரிசையாக வட்ட வட்டக் குழிகள் இருந்தன. குழி தோண்டி மறுபடி மண் போட்டு மூடியிருந்தார்கள். "இன்னாண்ணே இது?" என்று சேகர் கேட்டான். "யாரோ மரக்கன்று நட்டுட்டு மறந்துட்டாங்க" என்று நான் சொன்னேன். எல்லோரும் பரிதாபமாகத் தலையாட்டினோம். அந்த மாதமே அஸ்திவாரம் போட்டுத் தகடுகளை நிறுத்திவிட்டோம்.

புனேயில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள் ஐந்து பேரும். புனேயில் வரிசையாகக் குழி என்றால் என்னவென்று எங்களில் ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை. அது பிறகு வருகிறது.

முதலில் வந்தது துரு. மழையில்லாத காலத்திலும் பனியில் நனைந்து தகடு செம்மண் நிறத்துக்கு வந்தது. ரிக்ஷாக்காரர்களுக்கு மனசு பொறுக்கவில்லை. புதுச் சாமானை வாங்கி வெயிலில் போட்டு வீணாக்குகிறார்களே என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் முறையிட்டார்கள். நான் போகும்போதெல்லாம், எந்தக் கடையில் நல்ல பிரைமர் கிடைக்கும் என்று சொன்னார்கள். துரு பிடிக்கத்தான் வைத்திருக்கிறோம் என்றேன். அதன்பிறகு என்னிடம் மரியாதையாகவும் மெதுவாகவும் பேச ஆரம்பித்தார்கள், புத்தி சரியில்லாதவர்களிடம் பேசுகிற மாதிரி.

தை மாதம் ஒரு நாள் காலையில் பட்டறைக்குப் போன் வந்தது. சேகர் திடலுக்குப் பக்கத்துப் போன் பூத்திலிருந்து கத்தினான்.

"அண்ணே, நம்ம அயிட்டத்துக்குக் கறுப்பும் மஞ்சளுமா பட்டை போட்டுக்கினு கீறானுங்கண்ணே! ஓடியா!"

ஓடினேன். யாரோ பெரிய மனிதரின் கார் அந்தப் பக்கம் போகப் போகிறதாம். சாலை ஓரக் கற்களுக்கு வண்ணமடிக்கும் ஒப்பந்ததாரரின் ஆட்கள் இரண்டு பேர், கற்களை முடித்துவிட்டு மிச்சமிருந்த வண்ணத்தை வீணாக்காமல் எங்கள் முதல் தகட்டுக்கு வந்துவிட்டார்கள். கை எட்டுகிற உயரம்வரை கறுப்பு, மஞ்சள், கறுப்பு, மஞ்சள். இரண்டாவது தகட்டில் தூரிகையை வைக்கப் போகும்போது சேகர் குறுக்கே பாய்ந்து தகட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"துரு புடிச்சுக் கெடந்துச்சு சாஹேப், பாவமா இருந்துச்சு. சும்மாதான் அடிச்சுக் குடுத்தோம்" என்றார் மூத்தவர். மராத்தியில் நடந்த பேச்சையெல்லாம் நம் வீட்டுத் தமிழிலேயே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாய்வரை வந்த வசவை விழுங்கினேன். அன்று நான் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான். வண்ணம் இன்னும் ஈரம். திட்டுகிற ஒவ்வொரு நிமிஷமும் அது காய்ந்துகொண்டிருக்கும். டீக்கடைக்காரரிடம் ஸ்டவ்வுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை வாங்கினோம். ரிக்ஷாக்காரர்கள் சீட்டுக்குக் கீழே வைத்திருந்த கந்தைத் துணியெல்லாம் வந்தது. பிரைமர் அடி என்று என்னிடம் உபதேசம் செய்தவர்களே தேய்க்க ஆரம்பித்தார்கள். ஏன் என்று அவர்களுக்கும் விளங்கவில்லை.

"மேடத்துக்குச் சொல்லாத அண்ணே" என்று சேகர் காதைக் கடித்தான். "தொடச்சிட்டுக் கம்முனு இருந்துடலாம்."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வேறு யாராவது அவரிடம் சொல்லிவிட்டால், அதன்பிறகு நான் சொல்கிற நல்ல செய்தியையும் அவர் நம்பமாட்டார். போன் செய்தேன். அவர் ரிக்ஷாவில் வந்து இறங்கும்போது பாதித் தகட்டில் பட்டைகள் இன்னும் அப்படியே இருந்தன. சுற்றி வந்து பார்த்தார்.

"கோடு யார் போட்டது? டேப் ஒட்டாமலா?"

"கைப்பழக்கம் மேடம்" என்றார் மூத்தவர், பயந்துகொண்டே.

"ரொம்ப நேரா இருக்கு" என்றார் மேடம். "எங்க ஸ்கூல் பசங்க ஒருத்தனுக்கும் வராது. சரி, இப்ப அழிங்க." எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டுத் தானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டார்.

பொது இடத்துச் சிற்பத்துக்குக் கெடுதல் செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதன்மேல் இரக்கப்பட்டுத்தான் செய்கிறார்கள். அவர்களை விரோதியாக்கிக்கொள்ளாதீர்கள். அந்த இரண்டு பேரும் பிறகு தங்கள் ஆட்களிடமெல்லாம் "அந்தத் துருவைத் தொடாதே, அது ஒரு மேடத்தோட துரு" என்று சொல்லி வைத்தார்கள். வேலி போட்டிருந்தாலும் அவ்வளவு காவல் கிடைத்திருக்காது. தேய்த்த இடம் சில மாதம் சொறி பிடித்த மாதிரி இருந்தது. துரு சீக்கிரம் பிடிக்க வேண்டுமே என்று சாமியிடம் வேண்டிக்கொண்ட முதல் பட்டறைக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். வெயில் காலம் போயிற்று. மழை வந்தது. ஆடி முடிகிற சமயம், ஒரு நாள் ரிக்ஷா ஸ்டாண்டிலிருந்து ஆள் வந்தது. திடலில் ஒரு லாரி மூங்கில் இறங்கியிருக்கிறது, உடனே வா என்று.

போனேன். மூங்கில்களைப் பார்த்தேன். தகடுகளைப் பார்த்தேன். அந்த வரிசைக் குழிகள் ஞாபகம் வந்தன. அது கணபதிப் பந்தல் போடுகிற இடம். அந்தப் பேட்டையின் மண்டல், அதாவது விழாக் குழு, வருஷா வருஷம் அங்கேதான் பத்து நாள் கணபதியை உட்கார வைக்கிறது. நாங்கள் இடம் பார்த்த ஐப்பசியில் பந்தலைப் பிரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நாங்கள் காலி இடத்தை அளக்கவில்லை. சாமி எழுந்து வெளியே போயிருந்த நேரம் பார்த்து அவர் வீட்டை அளந்திருக்கிறோம்.

மண்டலின் தலைவர் எதிரே டயர்க் கடை வைத்திருந்தவர். பேட்டையே அவரை 'பாவு' என்று கூப்பிடும், அண்ணன் என்று அர்த்தம். ஆஜானுபாகு. லாரி டயரை ஒற்றைக் கையால் உருட்டுவார்.

"இத்தனை மாசமா எதிர்லயே இருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"பண்டிகைக்கு நகத்திடுவீங்கன்னு நெனச்சேன் அண்ணா" என்றார் அவர். தமிழ் ஆட்கள் எல்லோரும் அங்கே அண்ணாதான். "எல்லாந்தான் நகரும். பால் பூத் நகரும், ரிக்ஷா ஸ்டாண்ட் நகரும். போன வருஷம் போலீஸ் அவுட்போஸ்ட்டே ரெண்டு அடி தள்ளி ஒக்காந்துச்சு. உங்க இரும்பு பெரிய இதுவா?"

கீழே கான்கிரீட்டோடு பிணைந்திருக்கிறது என்றேன். அவர் முகம் மாறியது. "அப்ப எழுதிக் குடுக்க வேண்டியதுதான். எனக்கு வேற வழியில்ல. அவரு எங்க போய் ஒக்காருவாரு?" அவர் என்றது கணபதியை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வீட்டுப் பெரியவருக்கு நாற்காலி இல்லையே என்கிற வருத்தம்தான் குரலில் இருந்தது. எனக்கு அதுதான் அதிகமாகப் பயம் கொடுத்தது. கோபம் தணியும், நியாயம் தணியாது.

இரண்டு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு மேடத்தை அழைத்து வந்தேன். பாவு தன் பங்குக்கு யோசித்து வைத்திருந்தார். தகடுகளைப் பட்டுத் துணியால் மூடிவிடலாம். அல்லது அதன்மேல் தெர்மோகோல் ஒட்டிக் கைலாச மலையாக்கிவிடலாம். பக்கத்துத் தெரு மண்டல் இந்த வருஷம் கண்ணாடி மாளிகை போடுகிறது, நாம் மலை போட்டால் எடுபடும்.

"இது மலை இல்லை" என்றார் மேடம்.

"பத்து நாளைக்கு மட்டும் மலை, மேடம். அப்புறம் எடுத்துடுவோம்."

"பத்து நாள் மலையா இருந்தா, ஜனங்களுக்கு அது சாகற வரைக்கும் மலைதான். மூடறதா இருந்தா எடுத்துட்டுப் போயிடுங்க. முருகேஷ், பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுங்க."

பாவு இறங்கி வந்தாலும் மேடம் இறங்க மாட்டேன் என்கிறார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான். கேட்பதற்கு வீறாப்பாகத்தான் இருந்தது. அந்த அம்மாளுக்கு இருப்பது இது ஒன்றுதான். அதையும் அவரே எறிந்துவிடத் துணிந்து நிற்கிறார். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல், இரண்டு பேர் மேலும் பாவம். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் கலையை விளக்க மட்டும் போகாதீர்கள். நான் டயர்க் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் மூன்று தகடுகளுக்கும் நடுவில் போட்டேன்.

"பாவு, கணபதி எவ்வளவு பெரிசு?"

"என்னைவிடக் கொஞ்சம் பெரிசு."

"அப்ப நீங்கதான் சரி. உள்ள வந்து ஒக்காருங்க. எடம் போதுமானு பாத்துடலாம்."

அவர் வெட்கப்பட்டார். மண்டல் பையன்கள் விடவில்லை. தள்ளிக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். நாற்காலி முனகியது. ஒருவன் டயர்க் கடைத் துணியை எடுத்து அவர் தோளில் போட்டான். பாவு வலது கையை ஆசீர்வாதமாகத் தூக்கியதும் ரிக்ஷா ஸ்டாண்ட் முழுக்க "கணபதி பப்பா மோர்யா!" என்று கத்தியது. மேடம் சிரித்துவிட்டார். பஸ்ஸிலிருந்து ஒரு பாட்டி நிஜமாகவே கும்பிட்டுவிட்டுப் போனாள்.

சிரிப்பு அடங்கியபின்னும் பாவு எழுந்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து, தகடுகளின் இடைவெளி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கின கையை இறக்கக்கூட மறந்துவிட்டார்.

"என்ன பாவு?"

"இங்கேருந்து பாத்தா நம்ம ரோடே வேற மாதிரி இருக்கு அண்ணா. சத்தமெல்லாம் தூரத்துல கேக்குது." கடைசியில் கையை இறக்கிவிட்டுச் சொன்னார்: "அவருக்குப் புடிக்கும்."

மேடம் அவரையே பார்த்தார்.

அதற்கப்புறம் பேரம்தான். அதில் நான் பழம் தின்று கொட்டை போட்டவன். மலை கிடையாது, துணி கிடையாது என்று பாவு ஒத்துக்கொண்டார். மழைக்கு மேலே தார்ப்பாய் கட்ட வேண்டும், அதற்கு மூங்கிலைத் தகட்டோடு கயிற்றால் கட்ட வேண்டும் என்று மேடம் ஒத்துக்கொண்டார். ஓட்டை மட்டும் போடக் கூடாது. கணபதி வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி உட்கார வேண்டும். பாவு போய்ப் பூசாரியைக் கேட்டுவிட்டு வந்து, இரண்டு முழம்வரை பரவாயில்லையாம் என்றார். விளக்கு எங்கே எரியணும் என்பதை மட்டும் மேடம் முடிவு செய்வார். "காசில்லாத மண்டல்னு சொல்லிடுவானுங்க" என்று பாவு கடைசிவரை புலம்பிக்கொண்டேதான் இருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நாங்கள் என்னவென்றே சொல்லத் தெரியாத ஒன்றைப் பிடித்து வைத்தோம், அது பிள்ளையாரில் வந்து முடிந்தது.

பண்டிகை தொடங்கியது. துருத் தகடுகளுக்கு நடுவே மஞ்சள் வெளிச்சத்தில் கணபதி உட்கார்ந்திருந்தார். முதல் நாள் கூட்டம் கொஞ்சம் முணுமுணுத்தது. ஆரத்தி ஆரம்பித்துத் தாளம் தட்டினதும் மூன்று தகடுகளும் சேர்ந்து ரீங்காரம் போட்டன. செய்த எனக்கும் அது தெரியாது, யோசித்த மேடத்துக்கும் தெரியாது. மேடம் போய் ஒரு தகட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஆரத்தி முடிகிறவரை நின்றார். மறுநாளிலிருந்து குழந்தைகளெல்லாம் தகட்டில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்துத் தெரு மண்டல்காரர்கள் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஸ்பீக்கர் எங்கே வாங்கினது என்று விசாரித்தார்கள்.

மூன்றாம் நாள் பெய்த மழையில் தார்ப்பாயையும் மீறித் தண்ணீர் தகட்டில் வழிந்து, தரையெல்லாம் செக்கச்செவேலென்று ஓடியது. ஒரு அம்மாள் அதில் விரலைத் தோய்த்துக் குழந்தை நெற்றியில் வைத்தாள். மேடம் பதறிக்கொண்டு ஓடினார், "அம்மா, அது துருத் தண்ணி!"

"தெரியும் தாயீ" என்றாள் அவள். "அவர் பக்கத்துலேருந்துதானே வருது, இருக்கட்டும்."

"நல்லதுதாண்ணே" என்றான் சேகர் என்னிடம். "இரும்புச் சத்து."

பத்து நாளும் கழிந்தது. கணபதியைக் கரைத்தாகிவிட்டது. மறுநாளே அதிகாரி கோப்போடு வந்துவிட்டார். அந்த ஒரு வருஷக் கெடு முடிகிற சமயம். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேடம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஓரமாக நின்றிருந்தார். பாவுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தது, காது மடலிலெல்லாம் ஊர்வலத்தில் தூவின குலால் பொடி.

"இதுமேல உங்களுக்கு ஆட்சேபணை ஏதாவது உண்டா?" என்று அதிகாரி அவரைக் கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பண்டிகைக்கு மட்டும்தான் நாங்கள் பேசி வைத்திருந்தோம். அதற்குப் பிறகு என்ன என்று பாவுவிடம் ஒரு வார்த்தைகூட வாங்கவில்லை. பண்டிகை முடிந்துவிட்டது. இனி அவருக்கு எங்கள் தயவு தேவையில்லை. இப்போதே எடுக்கச் சொல்லிவிட்டால் அடுத்த வருஷம் அவர் இஷ்டத்துக்கு மலையும் போடலாம், மாளிகையும் போடலாம். அவர் தகடுகளுக்கு நடுவிலேயே பார்த்துக்கொண்டு நின்றார். மேடம் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"சாஹேப்" என்றார் பாவு, கட்டின தொண்டையோடு. "பத்து நாள் இங்க இருந்தாரு. நேத்து அனுப்பிட்டோம். காலைல கடை ஷட்டரத் தூக்கிட்டு இந்தப் பக்கம் பாத்தேன், என்னமோ மாதிரி ஆயிடுச்சு. வருஷா வருஷந்தான் அனுப்புறோம். மறுநாள் பந்தலப் பிரிச்சா வெறும் மண்ணு. வேலையப் பாக்கப் போயிடுவோம். இந்த வருஷந்தான், அவர் இருந்துட்டுப் போன எடம் அப்படியே நிக்குது. பாருங்க, எவ்வளவு காலியா இருக்கு. இதையும் எடுத்துட்டீங்கன்னா அவர் போயிட்டாருன்னே தெரியாம போயிடும்."

அதிகாரி தகடுகளுக்கு நடுவில் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நான் வெட்டி, வளைத்து, நூல் பிடித்து நிறுத்தின சிற்பத்தை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேடம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தகட்டைப் பார்த்தபடி நின்றார், தோள் குலுங்கியது.

"அப்ப ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கவா?" என்றார் அதிகாரி.

"எழுதிக்குங்க" என்றார் பாவு. பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினார். "ஆனா மேடம், அடுத்த வருஷத்துக்குள்ள அந்த எடதுபக்கத் தகட்ட மட்டும் ஒரு அடி தள்ளி வெச்சுக் குடுத்துடுங்க. ஸ்பீக்கருக்கு எடமே இல்ல."

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"ஒரு நூல்கூட நகராது."

"அரை அடி?"

"நகராதுன்னு சொல்றேன்ல?"

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர்கள் இரண்டு பேரும் நிறுத்தவில்லை.